சி.சி.ஏ.ன்னா என்ன?

போன மாசம் டிராக்டருக்குப் புது பேட்டரி வாங்கப் போனேன். மேல ஒட்டியிருந்த சீட்டுல சி.சி.ஏ.ன்னு போட்டுப் பக்கத்துல ஒரு நம்பர். இதே மூணு எழுத்தை பழைய மரக்கடை பில்லுல பார்த்த ஞாபகம். மாட்டுக் கொட்டகைக்குக் கால் நட வாங்கின மரம் அது, லேசாப் பச்சை ஓடி இருக்கும். சி.சி.ஏ.ங்கிறது மரத்தோட சாதிப் பேருன்னு நினைச்சிருந்தேன்.

கடைத் தம்பிகிட்ட கேட்டேன். "கோல்டு கிராங்கிங் ஆம்பியர், அண்ணே"ன்னார். பூஜ்யத்துக்குக் கீழ 18 டிகிரி குளிர்ல, 12 வோல்ட் பேட்டரி 7.2 வோல்ட்டுக்குக் கீழ இறங்காம 30 விநாடிக்கு எத்தனை ஆம்பியர் கொடுக்கும்ங்கிற கணக்காம். பனி நாட்டுக்காரனுக்கு அது உசிர் பிரச்சினை. நமக்கு மார்கழிக்கே ஒரு போர்வை போதும்.

பக்கத்துல நின்ன எலக்ட்ரீசியன், "ஒயர்லயும் சி.சி.ஏ. உண்டு. மேல செம்பு முலாம், உள்ள அலுமினியம். கத்தியால சுரண்டினா வெள்ளையாத் தெரியும்"னார். செம்பு விலைக்கு அதைத் தலையில கட்டுறவங்களும் இருக்காங்க.

அப்ப மரத்துக்கு? ராத்திரி போன்ல தேடினேன். காப்பர், குரோமியம், ஆர்சனிக் மூணும் கலந்த மருந்து. ஆர்சனிக்னா நம்ம பாஷாணம்.

இதைக் கண்டுபிடிச்சவர் நம்ம நாட்டுக்காரர்தான். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துல வேலை பார்த்த சொண்டி காமேசம், 1933-ல. அதுக்கு முன்னாடி மரத்துல ஏத்தின உப்பு மருந்து பெரும்பாலும் மழையில கரைஞ்சு ஓடிடும். காமேசம் குரோமியம் சேர்த்தார். அது செம்பையும் பாஷாணத்தையும் மரத்தோடயே பிடிச்சு வச்சுக்கும். செம்பு பூஞ்சையை விடாது, பாஷாணம் கரையானை விடாது. 'ஆஸ்கு'ன்னு பேர் வச்சாங்க. 1938-ல அமெரிக்காவுலயும் காப்புரிமை கிடைச்சது. கரண்டு கம்பம், கூலிங் டவர், வேலிக்கால்னு உலகம் பூரா போச்சு. அமெரிக்காவுல வீட்டுத் திண்ணை, பிள்ளைங்க விளையாடுற ஊஞ்சல் சட்டம் வரைக்கும் இந்த மரம்தான். பிள்ளைங்க கையில பாஷாணம் ஒட்டுதுன்னு பேச்சு கிளம்பி, 2003 கடைசியோட வீட்டு உபயோகத்துக்கான மரத்துல இந்த மருந்தை ஏத்துறதை அங்க நிறுத்தினாங்க.

குத்தம் காமேசம் மேல இல்ல. கரையான் திங்கிற ஊர்ல மரத்தைக் காப்பாத்தினது பெரிய காரியம். ஆனா அந்த மரத்தை எரிக்கவே கூடாதுன்னு படிச்சதும் எனக்கு வேர்த்துப் போச்சு. எரிச்சா பாஷாணம் கொஞ்சம் புகையோட போகும், மிச்சம் சாம்பல்ல சேர்ந்து நிக்கும். அது மக்கவும் மக்காது.

அறுத்த துண்டையெல்லாம் வெந்நீர் அடுப்புல போட்டது நான்தான். அந்தச் சாம்பல்லதான் வீட்டுக்காரம்மா ஒரு வாரம் பாத்திரம் விளக்கினாங்க. மிச்சத்தைக் கத்தரிச் செடிக்குத் தூவியாச்சு. பில்லுல எழுதத் தெரிஞ்ச கடைக்காரருக்கு ஒரு வார்த்தை வாயால சொல்லத் தெரியல.

மறுநாளே செடியைப் பிடுங்கி, மேல்மண்ணைச் சாம்பலோட வழிச்சுச் சாக்குல கட்டினேன். கொட்டகைக் கால்ல மாடு நக்குற உயரத்துக்குத் தகரம் அடிச்சாச்சு. சாக்கை எங்க கொண்டுபோய்க் கொடுக்கிறதுன்னு ரெண்டு ஆபீஸ்ல கேட்டேன், இதுக்குன்னு இடம் எதுவும் இல்லைன்னாங்க. மூணு சாக்கும் மோட்டார் ரூம் மூலையில, பிள்ளைங்க கைக்கு எட்டாம, மூட்டின வாயோட நிக்குது.