எண்பது பேரின் கணக்கு

தொண்டு நிறுவனத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவர்களுக்குக்கூட இந்தக் கேள்வி பழக்கமாகியிருக்கும். "சரி, நாங்க கொடுத்த பணத்தால என்ன ஆச்சு?" கிணறு வெட்டினால் தண்ணீரைக் காட்டலாம். பள்ளிக்கூடம் கட்டினால் போட்டோ எடுத்து அனுப்பலாம். ஒரு பையனோடு உட்கார்ந்து 'உனக்கு எந்த வேலை ஒத்துவரும்' என்று பேசியதை எப்படிக் காட்டுவது?

இந்தச் சிக்கலுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1908 ஜனவரியில், பாஸ்டன் நகரின் நார்த் எண்ட் பகுதியில், புலம்பெயர்ந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களுக்கு நடுவே, ஃபிராங்க் பார்சன்ஸ் ஒரு தொழில் வழிகாட்டி மையத்தைத் தொடங்கினார். பெயர் 'வொகேஷன் பீரோ'. மனுஷன் தானே பல வேலை மாறியவர்: இன்ஜினியர், பள்ளி ஆசிரியர், வக்கீல், பேராசிரியர். பணம் கொடுத்தவர் பாலின் அகாசி ஷா. பாஸ்டனில் ஏழைக் குழந்தைகளுக்காக மழலையர் பள்ளிகளை நடத்திய செல்வந்தர்.

மே 1ஆம் தேதி பார்சன்ஸ் முதல் அறிக்கையைக் கொடுத்தார். வந்தவர்கள் 80 பேர். வயது 15 முதல் 72 வரை. இரண்டு பேரைத் தவிர எல்லோரும் தங்களுக்குத் தெளிவு கிடைத்ததாகச் சொன்னார்கள். வாழ்க்கையிலேயே முக்கியமான நேரம் அதுதான் என்றுகூடச் சிலர் சொன்னார்களாம்.

ஆதாரம் அவ்வளவுதான், வந்தவர்களின் வாய்ச்சொல். அவர்கள் வேலையில் நிலைத்தார்களா, சம்பளம் கூடியதா என்று பார்க்க நாலு மாதம் எங்கே போதும்? காத்திருந்து பார்க்க பார்சன்ஸுக்கும் வாய்க்கவில்லை. அதே செப்டம்பரில் இறந்துபோனார். அவருடைய 'சூஸிங் எ வொகேஷன்' புத்தகம் 1909இல்தான் வெளிவந்தது.

காத்திருந்து பார்க்கும் வேலையைப் பிறகு லண்டன் உளவியலாளர்கள் செய்தார்கள். சிரில் பர்ட் குழு 100 பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லி, இரண்டு வருடம் கழித்துத் தேடிப்போய் விசாரித்தது. அதன் அறிக்கை 1926இல் வந்தது. அடுத்த சோதனையில் 1,200 பிள்ளைகள். ஆலோசனை பெற்றவர்களை, பெறாதவர்களோடு ஒப்பிட்டார்கள். இன்று நிதி கொடுப்பவர்கள் கேட்கிற ஒப்பீட்டுக் குழு அப்போதே வந்துவிட்டது.

அதிலும் ஒரு இடறல் உண்டு. ஒருவர் வேலையில் நிலைப்பது ஆலோசனையை மட்டும் பொறுத்ததல்ல. ஊரில் இருந்த ஒரே மில் மூடிவிட்டால், நல்ல ஆலோசனையும் கணக்கில் தோல்வியாகத்தான் விழும். சந்தை சூடுபிடித்தால் சுமாரான ஆலோசனையும் ஜெயித்த மாதிரித் தெரியும்.

எனக்கு அந்த முதல் அறிக்கையில் பிடித்தது அந்த இரண்டு பேர். பணம் கொடுத்தவர் படிக்கப்போகிற அறிக்கை, மையம் தொடங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. 'எல்லோரும் பயனடைந்தார்கள்' என்று பார்சன்ஸ் ஒரே வரியில் முடித்திருக்கலாம். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? அவர் அந்த இரண்டு பேரையும் எழுதினார். மீதி எழுபத்தெட்டை நான் நம்புவது அவர்களால்தான்.