கண்டி நாட்டு நாயும் அதன் உலர் உணவும்

விசயனும் அவன் தோழர் எழுநூற்றுவரும் இலங்கைக் கரையில் வந்திறங்கிய கதையைக் கூறும் மகாவமிசம், அங்கே ஒரு நாயையும் காட்டுகின்றது. குவேனியின் ஏவலாளியான ஓர் இயக்கி பெண்நாயின் வடிவெடுத்து அவர்கள்முன் தோன்றி மறைகின்றாள். இளவரசன் தடுத்தும் கேளாது, தோழருள் ஒருவன் அந்த நாயைப் பின்தொடர்ந்து செல்கின்றான். நாய் காணப்படுமாயின் அருகில் ஊரும் இருத்தல் வேண்டும் என்பது அவன் துணிபு. கதை புராணச் சாயல் உடையதுதான். எனினும் கி.பி. 5ஆம் நூற்றாண்டளவில் எழுந்த அந்நூலில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. நாய் காட்டைச் சார்ந்து வாழும் விலங்கன்று. மனிதன் அடுப்பு மூட்டும் இடத்தைச் சார்ந்து வாழும் விலங்கு.

ஆகவே நாயின் உணவு வரலாறு மனிதன் உணவு வரலாற்றின் ஒரு கிளை எனலாம். இக்கருத்துக்கு விஞ்ஞானமும் சான்று தந்துள்ளது. 2013ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஓநாயின் பரம்பரை அலகுகளையும் நாயின் பரம்பரை அலகுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மாப்பொருளைச் செரிக்கும் நொதியத்தை உண்டாக்கும் அலகு, ஓநாயிடத்து இருப்பதைவிட நாயிடத்துப் பன்மடங்காகப் பெருகியிருப்பதை அவர்கள் கண்டனர். பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனுடைய எச்சிற் சோற்றையும் அப்பத்தையும் தின்று வந்தமையால், நாயின் உடலே அவற்றுக்கு இணங்கி மாறிவிட்டது.

கண்டி இராச்சியத்தில் அந்தச் சோறு எத்தகையது என்பதை அறிய ரொபேட் நொக்ஸ் எழுதிய நூல் உதவுகின்றது. அவர் 1660ஆம் ஆண்டில் சிறைப்பட்டு, 1679ஆம் ஆண்டில் தப்பிச் செல்லும்வரை கண்டி நாட்டு ஊர்களில் வாழ்ந்தவர். அவருடைய நூல் 1681இல் இலண்டனில் வெளியாயிற்று. சோறும், சில இலைக்கறிகளும், எலுமிச்சஞ் சாறும், மிளகும், உப்பும் கிடைத்தால் அதுவே நல்ல உணவு என்று மக்கள் கருதினர் என அவர் எழுதியுள்ளார். இறைச்சி அன்றாட உணவாக இருக்கவில்லை. வீட்டாருக்கே அரிதாக இருந்த ஒன்று முற்றத்து நாய்க்கு எவ்வாறு கிடைத்திருக்கும்? வேட்டைக்குச் சென்றவர் வீட்டு நாய்க்குச் சில நாட்களில் குடலும் எலும்பும் கிடைத்திருக்கலாம். ஏனைய நாட்களில் அதற்குச் சோறே கதி.

மலைநாட்டில் உப்பு விளைவதில்லை. கடல் மீனும் இல்லை. உப்பும் கருவாடும் கரையோரத்திலிருந்து பொதி மாடுகளின் முதுகில் ஏறி வந்தன. அந்த மாட்டுக் கூட்டங்களைத் தவளம் என்பர். கடற்கரையைக் கைப்பற்றியிருந்த ஒல்லாந்தர், உப்பை நிறுத்தினால் கண்டி பணியும் என்பதை நன்கறிந்திருந்தனர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் அவர்கள் கைக்குப் போயிற்று. உப்பளங்களில் உப்பெடுக்கும் உரிமை மட்டும் கண்டியாருக்கு விடப்பட்டது. கண்டி நாட்டுக்கு வந்த கருவாடும் ஓர் உலர் உணவேயாகும். அதன் தலையும் முள்ளும் சோற்றோடு கலந்து நாயின் பங்காயின. இன்றும் கண்டியைச் சூழ்ந்த ஊர்களில் நாய்ச் சோறு என்றால் கருவாட்டுத் தலை இட்டுக் காய்ச்சிய சோற்றையே பலர் எண்ணுவர்.

1815ஆம் ஆண்டில் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. தோட்டத் துரைமார் தம் நாட்டு நாய்களையும் உடன் கொண்டுவந்தனர். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கப்பலேற்றிக் கொணர்ந்தார். அவற்றோடு மான் வேட்டையாடிய அனுபவங்களை 1854இல் நூலாகவும் வெளியிட்டார். 1867ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியபின், கப்பலில் வந்த சீமைப் பொருள்கள் மலைநாட்டை விரைவில் எட்டின.

இந்த வேட்டை நாய்களின் தாயகமான இங்கிலாந்தில் அக்காலத்திலேதான் நாய்க்கெனத் தனி உணவு விற்கும் வாணிகம் பிறந்தது. அமெரிக்காவிலிருந்து இடிதாங்கி விற்க இலண்டனுக்கு வந்தவர் ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர். துறைமுகத்தில் கப்பலோட்டிகள் எறிந்த உலர்ந்த கப்பல் விசுக்கோத்துகளை நாய்கள் ஆவலோடு தின்பதைக் கண்டு அவருக்கு இந்த எண்ணம் பிறந்தது என்று சொல்லப்படுகின்றது. 1860ஆம் ஆண்டை ஒட்டி, கோதுமை மா, பீற்றூட் கிழங்கு, இறைச்சி ஆகியன சேர்ந்த நாய் விசுக்கோத்தை அவர் விற்கலானார். அதனை வாங்கியோர் வேட்டை நாய் வைத்திருந்த செல்வர். அந்நிறுவனத்தில் பணியாற்றிய சார்ள்ஸ் கிரப்ட் என்பவரே பின்னர் 1891இல் தம் பெயரால் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியைத் தொடங்கியவர்.

ஸ்பிராட்டின் விசுக்கோத்து நாயின் உடலை ஆராய்ந்து செய்யப்பட்ட ஒன்றன்று. கெடாமல் இருத்தல், கட்டி அனுப்ப எளிதாயிருத்தல், சமைக்க வேண்டாதிருத்தல் ஆகிய மூன்றும் அதன் சிறப்புகள். இம்மூன்றும் மனிதனுக்கு நன்மை; நாய்க்கு நன்மையா என்ற கேள்வி அப்போது எழவில்லை.

அக்கேள்விக்கு விடை சொன்னவை ஆய்வுகூடத்து நாய்க்குட்டிகள். எட்வேட் மெலன்பி என்ற ஆங்கிலேய அறிஞர் குட்டிகளை வெயில் படாத இடத்தில் வைத்து, தானியக் கஞ்சியையே முதன்மையாகக் கொடுத்து வளர்த்தார். அவற்றின் எலும்புகள் வலுவிழந்தன, கால்கள் வளைந்தன. மீன் ஈரல் எண்ணெய் ஊட்டியபோது அந்நோய் அணுகவில்லை. 1919ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு, மனிதக் குழந்தைகளை வருத்திய ரிக்கெட்ஸ் நோய்க்கும் வழி காட்டியது. மக்காச்சோளத்தையே பெரிதும் தின்ற நாய்களுக்கு நாக்குக் கறுத்துச் சாவு நேர்வது அமெரிக்காவில் அறியப்பட்டிருந்தது. நிக்கொற்றினிக் அமிலம் அதனைக் குணமாக்கும் என்பதை 1937இல் கொன்றட் எல்வெயெம் நிறுவினார். ஏழை மக்களைக் கொன்ற பெலகரா நோய்க்கும் அதுவே மருந்தாயிற்று.

வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவது வேறு என்பது இவ்வாறு புலனாயிற்று. தோட்டத்து லயங்களிலும் இந்த வேறுபாடு மனிதருக்கும் நாய்க்கும் ஒன்றாகவே பொருந்தியது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்குத் தோட்ட நிருவாகம் அளந்து கொடுத்த அரிசியே அடிப்படை உணவு. 1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இலங்கை எங்கும் அரிசிப் பங்கீடு இறுகியது. கோதுமை மா அடுப்படிக்குள் நுழைந்தது. சோறு உண்ட வீட்டில் ரொட்டி சுடப்பட்டது. வாசலில் காத்திருந்த நாயும் அன்று முதல் ரொட்டித் துண்டு தின்னப் பழகியது.

அதே போர்தான் மேல்நாட்டு நாயின் உணவையும் மாற்றிற்று. 1920களில் அமெரிக்காவில் குதிரை இறைச்சியைப் பேணியில் அடைத்து நாய்க்கு விற்கும் வழக்கம் பரவியிருந்தது. போர்க்காலத்தில் தகரத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது, பையில் அடைக்கக்கூடிய உலர் உணவு முன்னுக்கு வந்தது. காலை உணவுக்கான தானியப் பொரிகளைச் செய்யும் இயந்திரமே இதற்கும் உதவியது. இறைச்சித் தூளும் தானிய மாவும் நீராவியோடு அழுத்தத்தில் வேகின்றன. சிறு துளைவழியே வெளிவரும்போது பொரிந்து விரிகின்றன. பின்னர் உலர்த்தப்பட்டு, மேலே கொழுப்புப் பூசப்படுகின்றது. இவ்வகை உணவு 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவெங்கும் விற்பனைக்கு வந்தது. இன்று கண்டி நகரக் கடைகளில் வண்ணப் பைகளில் விற்கப்படுவது இதன் வழித்தோன்றலே.

இதற்கிடையே கண்டிக்கு அருகிலேயே விலங்கு மருத்துவக் கல்வியும் வேரூன்றியது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1947இல் தொடங்கிய அக்கல்வி பின்னர்ப் பேராதனைக்கு வந்து, 1980இல் தனிப் பீடமாயிற்று. கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும் உள்ளது. ஆகவே இப்பகுதி மக்கள், பையின் மேலுள்ள படத்தை மட்டும் நம்பித் தம் நாயின் உணவைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் இல்லை.

தேர்வு நாயிடமிருந்தே தொடங்குதல் வேண்டும். வளரும் குட்டி, முழு வளர்ச்சி பெற்ற நாய், பாலூட்டும் தாய், முதிய நாய் ஆகிய நான்கின் தேவையும் வெவ்வேறு. அமெரிக்காவில் தீவன அதிகாரிகள் வகுத்த அளவின்படி, நீர் நீக்கிய உணவில் புரதம் வளர்ந்த நாய்க்கு நூற்றுக்கு 18 பங்கும், குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 22.5 பங்கும் குறையாதிருத்தல் வேண்டும். இங்கு நீர் நீக்கிய என்ற சொல் முக்கியமானது. உலர் உணவில் நூற்றுக்குப் பத்துப் பங்களவே நீர். பேணி உணவில் அது எண்பது பங்கும் இருக்கலாம். பேணியில் புரதம் 8 என்று எழுதியிருப்பின் அது குறைவு போலத் தோன்றும். எஞ்சிய 20 பங்கில் அது 8 என்று கணக்கிட்டால், நூற்றுக்கு 40 ஆகிவிடும். பேரினக் குட்டிகளுக்குக் கல்சியம் குறைந்தாலும் தீங்கு, மிகுந்தாலும் தீங்கு. ஆதலின் அவற்றுக்கென வகுத்த உணவே தகும். முழு உணவு என்று குறித்த பை வேறு, இடையிடையே கொடுக்கும் தின்பண்டம் வேறு என்பதையும் கவனித்தல் நன்று.

தானியம் அறவே இல்லாத உணவே உயர்ந்தது என்ற விளம்பரமும் ஆராய்ந்து ஏற்கத் தக்கது. அத்தகைய உணவுகள் சிலவற்றுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்ற ஆய்வை 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அறிவித்தது. முடிந்த முடிபு எதுவும் அதனால் நிலைநாட்டப்படவில்லை. ஆயினும் சோறு நாய்க்குப் பகையன்று என்பதை அதன் பரம்பரை அலகுகளே கூறிவிட்டன. சோறு மட்டுமே என்பதுதான் குற்றம்.

கண்டியின் காலநிலைக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்பகுதியில் நாய்கள் காரணம் விளங்காத ஈரல் நோயால் மாண்டன. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருந்தொகையாக இறந்தபோது, நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் எனத் தெரிந்தது. அஃபிளாடொட்சின் எனப் பெயர் பெற்ற அந்நஞ்சே முன்னர் நாய்களையும் கொன்றது என்பது பின்னர் விளங்கிற்று. சாதாரணச் சமையற் சூட்டில் அது அழிவதில்லை. பழைய கதை என்று இதனைத் தள்ளிவிடவும் இயலாது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவிலேயே இந்நஞ்சு கலந்த உலர் உணவால் நாய்கள் இறந்து, உணவுப் பைகள் மீட்டெடுக்கப்பட்டன.

இருபருவ மழையும் பெற்று, ஈரம் உலராத மலைநகரில் இந்த ஆபத்தை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பெரிய பை விலையில் மலிவு. ஆனால் சிறிய நாய் அதனைத் தின்று முடிக்க மாதங்கள் ஆகும். அதற்குள் மேற்பூச்சுக் கொழுப்புக் காறிப்போம், ஈரம் உட்புகும். திறந்த ஒரு மாத அளவில் தீரக்கூடிய பையே ஏற்றது. கடையில் நிறுத்து அவிழ்த்து விற்கும் உணவில் திகதியும் தெரியாது, ஈரமும் தெரியாது. வீட்டில் பையின் வாயை இறுக மடித்து மூடியுள்ள பாத்திரத்தில் இட்டு, சீமெந்துத் தரையில் படாமல் உயர்த்தி வைத்தல் நலம். பூஞ்சண வாடை வீசினால் கழுவியோ காய்ச்சியோ கொடுக்கலாகாது, எறிந்துவிடுவதே முறை. உலர் உணவு தின்னும் நாயின் அருகே நீர் எப்போதும் இருத்தல் வேண்டும். பழைய உணவிலிருந்து புதியதற்கு ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றினால் வயிறு கெடாது.

2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி முடைப்பட்டு, ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபோது இறக்குமதிப் பொருள்களின் விலை பலருக்கு எட்டாததாயிற்று. பையை வாங்க இயலாத வீட்டில் நாய் பட்டினி கிடக்க வேண்டுவதில்லை. சோற்றோடு முட்டை, ஈரல், உப்பு நீங்கக் கழுவிய கருவாடு ஆகியவற்றுள் இயன்றதைச் சேர்க்கலாம். கல்சியத்துக்கு என்ன சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது என்பதை மிருக வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். வெங்காயம் நாயின் குருதியைக் கெடுக்கும். ஆகவே கறிச் சட்டியை வழித்துப் போடுதல் ஆகாது. சமைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

பொதி மாட்டில் வந்த கருவாடும், கப்பலில் வந்த விசுக்கோத்தும், போர்க்காலத்து ரொட்டியும், இக்காலப் பையும் நாய் கேட்டு வந்தவை அல்ல. ஒவ்வொன்றையும் மனிதனே தன் வசதிக்கேற்பக் கொண்டுவந்து அதன்முன் வைத்தான். நாய் வாலாட்டிக்கொண்டு தின்றது. அது தின்பதனாலேயே அவ்வுணவு நன்று என முடிவு செய்தல் ஆகாது. விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட்டும் கண்ணுக்குத் துருத்தாமலும் இருக்கின்றனவா, மயிர் பளபளக்கின்றதா, மலம் உருண்டு இருக்கின்றதா, குட்டியின் கால்கள் நேராக வளர்கின்றனவா என்பனவற்றை வாரம் ஒருமுறை பார்த்தால், தேர்ந்த உணவு சரியா என்பதை நாயின் உடலே சொல்லிவிடும்.