இறம்பொடையிற் பிறந்த சிங்களத் திரையின் முதல் நாயகி

இலங்கைத் திரைப்பட வரலாற்றை ஆராயப் புகுவோர் தொடக்கத்திலேயே ஒரு முரணை எதிர்கொள்வர். 1947 சனவரி 21இல் கொழும்பிலே திரையிடப்பட்ட முதற் சிங்களப் பேசும்படமாகிய ‘கடவுணு பொறொந்துவ’வின் நாயகி ருக்மணி தேவி ஒரு தமிழ்ப் பெண். டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்பது இயற்பெயர். 1923இல் நுவரெலியா மாவட்டத்து இறம்பொடையில், கொழும்புச் செட்டிக் கிறித்தவக் குடும்பமொன்றிற் பிறந்தவர். அப்படத்தைத் தயாரித்த எஸ். எம். நாயகமும் தமிழரே, படப்பிடிப்பும் தென்னிந்தியாவிலேயே நிகழ்ந்தது.

இசைத்தட்டுப் பாடகியாகவும், பீ. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவின் நடிகையாகவும் அவர் முன்னரே புகழ் பெற்றிருந்தார். அக்குழு மேடையேற்றிய நாடகமே திரைக்கு வந்தது. நாடகத்திற்கு வந்த கூட்டமே படத்திற்கும் வந்தது எனலாம்.

அவரை லயத்தின் மகளாகச் சித்திரிப்பது பொருந்தாது. செட்டிச் சமூகம் தோட்டத் தொழிலாளரினின்றும் வேறானது. ஆயினும் காலவரிசையைப் புறக்கணிக்க இயலுமா? ராசம்மாவின் குரலுக்கு நாடே செவிசாய்த்திருந்த 1948இலேதான், அவர் பிறந்த மலைகளிற் கொழுந்து பறித்தோரைப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. சிங்கள இரசிகர் அவரது பிறப்பைப் பொருட்படுத்தவில்லை. சட்டமோ பிறப்பையன்றி வேறெதனையும் நோக்கவில்லை.

பிற்காலத்திலே திரை வாய்ப்புகள் அருகின. மேடைப் பாடலே தொழிலாயிற்று. 1978 ஒக்டோபர் 28இல், மாத்தறையிற் பாடிவிட்டுத் திரும்புகையில், ஜா-எலவை அடுத்த துடெல்லவில் நேர்ந்த வாகன விபத்தில், 55ஆவது வயதிலே உயிர்நீத்தார்.