கம்பளத்தில் நாய் சிறுநீர் போயிருச்சா? பிளீச்சிங் பவுடரை மட்டும் எடுக்காதீங்க!

விருதுநகர் மாவட்டம் என்றதும் சிவகாசி பட்டாசு நினைவுக்கு வரும். நாய் பிரியர்களுக்கோ ராஜபாளையம் நாய்தான் நினைவுக்கு வரும். 2005-ல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட இந்திய நாய் இனங்களில் இதுவும் ஒன்று. ஆனால் தீபாவளி அன்று பட்டாசுக்கும் நாய்க்கும் ஆகவே ஆகாது.

வெடிச் சத்தம் கேட்டதும் நாய் கட்டிலுக்கு அடியிலோ, சோபாவுக்குப் பின்னாலோ பதுங்கிவிடும். பயத்தில் அங்கேயே சிறுநீரும் போய்விடும். அந்த இடத்தில் விலை உயர்ந்த ரத்தினக் கம்பளமோ, சீர்வரிசையில் வந்த பவானி ஜமக்காளமோ விரித்திருந்தால் என்ன செய்வது?

நாய்க்கு ஏன் இவ்வளவு பயம்?

மனிதக் காதுக்கு அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வெடிக்கும் இடத்தில் இருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிகளுக்குத் தடை இருக்கிறது. ஆனால் அந்த அளவுக்கு உட்பட்ட சத்தமே நாயை நடுங்க வைக்கப் போதும். பயத்தில் போவதை அதனால் அடக்க முடியாது. அதை அடிப்பதாலும் திட்டுவதாலும் பயம்தான் கூடும்.

பிளீச்சிங் பவுடர் ஏன் கூடாது?

வாடை அடித்ததும் நம் வீடுகளில் கை முதலில் போவது பிளீச்சிங் பவுடருக்கும் பினாயிலுக்கும்தான். இரண்டுமே தப்பு.

சிறுநீரில் இருக்கும் யூரியாவை பாக்டீரியா சிதைக்கும்போது அமோனியா உருவாகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த நெடி இதில் இருந்துதான் வருகிறது. இதன்மேல் பிளீச்சிங் பவுடரைப் போட்டால், குளோரினும் அமோனியாவும் சேர்ந்து குளோரமைன் என்ற நச்சு வாயு உருவாகும். கண் எரியும், இருமல் வரும், மூச்சுத் திணறலும் ஏற்படலாம். ஜன்னல் சாத்திய அறையில் ஆபத்து இன்னும் அதிகம். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் பக்கத்தில் இருக்கவே கூடாது.

கம்பளத்துக்கும் இது கேடுதான். பாரசீகக் கம்பளங்களில் பெரும்பாலும் கம்பளி நூலும், சிலவற்றில் பட்டு நூலும் இருக்கும். பிளீச் இந்த இரண்டையும் அரித்துவிடும். ஜமக்காளம் பருத்தி என்பதால் அரிப்பு அவ்வளவு தெரியாது, ஆனால் சாயம் வெளுத்துவிடும்.

பினாயில் வகை கிருமிநாசினிகளில் உள்ள பீனால் பொருட்கள் பூனைக்கு விஷம். பூனையின் கல்லீரலால் அவற்றைச் சரியாக வெளியேற்ற முடியாது. நனைந்த விரிப்பில் நடந்துவிட்டு பாதத்தை நக்கினாலே பாதிப்பு வரலாம்.

உடனே என்ன செய்யணும்?

1. பழைய வெள்ளைத் துணியை வைத்து அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். தேய்த்தால் கறை பரவும், இழையும் கலையும். விரிப்பின் அடிப்பக்கத்தையும் ஒற்றுங்கள்.

2. சாயம் போகுமா என்று பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியை ஒரு மூலையில் சில நிமிடம் அழுத்தினால் போதும். துணியில் நிறம் ஒட்டினால் அதோடு நிறுத்திவிட்டு, கம்பளம் வெளுக்கும் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

3. சாயம் போகவில்லை என்றால், குளிர்ந்த நீரைக் கொஞ்சமாக விட்டு மறுபடி ஒற்றுங்கள். வெந்நீர் வேண்டாம். அதில் சாயம் கசியும், கம்பளியும் சுருங்கும்.

4. ஒரு பங்கு வெள்ளை வினிகரில் நான்கு பங்கு தண்ணீர் கலந்து, கறை பட்ட இடத்தில் தெளித்து ஒற்றுங்கள். இது அமோனியா நெடியைக் குறைக்கும். கடைசியாக வெறும் தண்ணீர் விட்டு ஒற்றி எடுங்கள்.

5. நன்றாகக் காய்ந்த பிறகு ஆப்பசோடாவைத் தூவி, சில மணி நேரம் கழித்துத் தட்டியோ வாக்யூம் கிளீனரிலோ எடுத்துவிடுங்கள். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் நுரைதான் வரும். ஒன்றை ஒன்று செயலிழக்க வைத்துவிடும்.

வாடை ஏன் திரும்பத் திரும்ப வருது?

காய்ந்த சிறுநீரில் யூரிக் அமிலம் படிகமாகத் தங்கிவிடும். அது தண்ணீரில் எளிதில் கரையாது. காற்றில் ஈரம் ஏறினால் வாடை மீண்டும் கிளம்பும். தீபாவளி வருவதே வடகிழக்குப் பருவமழை நேரத்தில்தான். அதனால்தான் வெயிலில் காய்ந்தபோது இல்லாத நெடி, மழை பெய்ததும் வந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட பழைய கறைக்கு, செல்லப்பிராணி கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனர் உதவும். ஆனால் கம்பளியும் பட்டும் புரதம். புரதத்தைச் சிதைக்கும் என்சைம் நூலையும் பாதிக்கலாம். பாட்டிலில் 'கம்பளிக்கு ஏற்றது' என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ரத்தினக் கம்பளத்தில் சிறுநீர் அடியில் உள்ள பருத்தி நூல் வரை இறங்கியிருந்தால், மேலோட்டமாகச் சுத்தம் செய்து பயனில்லை. கடையில் கொடுக்கும்போது, தண்ணீரில் முழுமையாக அலசுவார்களா என்று கேளுங்கள். சிறுநீரின் உப்புகள் தண்ணீரில்தான் கரையும், டிரை கிளீனிங் ரசாயனத்தில் சரியாகப் போகாது.

ஜமக்காளத்தை வீட்டிலேயே அலசலாம். மற்ற துணிகளோடு சேர்க்காமல், குளிர்ந்த நீரில் தனியாக அலசி நிழலில் உலர்த்துங்கள். எந்த விரிப்பாக இருந்தாலும் இரண்டு பக்கமும் காற்று படணும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

பட்டாசு சாம்பல் பட்டால்?

ஈரத் துணியால் துடைத்தால் கரி இழைக்குள் இறங்கிவிடும். சூடு முழுசா ஆறியதும், காய்ந்த நிலையிலேயே தட்டி எடுங்கள். வெடிக்காத பட்டாசின் மருந்து கொட்டியிருந்தால் தேய்க்கவும் கூடாது, வாக்யூம் கிளீனரும் போடக் கூடாது. உராய்விலோ மோட்டார் பொறியிலோ தீப்பிடிக்கலாம்.

முன்கூட்டியே தடுக்க முடியுமா?

2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, தமிழ்நாட்டில் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7 மணி, இரவு 7 முதல் 8 மணி என நேரம் ஒதுக்கப்பட்டது. அந்த ஆண்டுக்கான அறிவிப்பைப் பார்த்து, வெடி நேரத்துக்கு முன்பே நாயை வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். விரிப்பைச் சுருட்டி வைத்து, நாய் பதுங்கும் இடத்தில் பழைய போர்வையைப் போடுங்கள்.

பண்டிகை முடிந்து பல நாள் ஆகியும் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போனால், அதைப் பயம் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்ப்பாதைத் தொற்று, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் ஆகியவற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.