மீண்டும் வானம் – 9: நான்காவது ஆள்

வந்துவிட்டீர்களா? போன வாரம் உங்களை ஒரு இக்கட்டான இடத்தில் நிறுத்திவிட்டுப் போனேன்.

இண்டிகோவின் இரண்டு நிறுவனர்களுக்குள் பங்காளிச் சண்டை முற்றி, ராகேஷ் கங்வால் இயக்குநர் குழுவிலிருந்து எழுந்து போய்விட்டார். இன்னொருவரான ராகுல் பாட்டியா நிர்வாக இயக்குநராக அமர்ந்துவிட்டார். தலைமைச் செயல் அதிகாரி ரோனோஜாய் தத்தா 2022 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு ஓய்வு பெறுவதாக இருந்தார். அவர் இடத்துக்கு வரப்போகும் டச்சுக்காரரின் பெயரும் வெளியாகிவிட்டது.

கொரோனா ஓய்ந்தது. விமான நிலையங்களில் மறுபடியும் திருவிழாக் கூட்டம். இண்டிகோ மட்டும் அப்போது ஒரு நாளைக்குச் சுமார் 1,600 விமானங்களை இயக்கியது.

இனி என்ன, சுபம் போட்டுவிடலாம் என்றுதானே நினைத்தீர்கள்?

தத்தாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். அந்தச் சனிக்கிழமை விடியும்வரை.

2022, ஜூலை 2.

விமானக் கம்பெனிக்கு விடியற்காலைதான் உயிர். இரவில் ஊர் ஊராகத் தங்கிய விமானங்கள் ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் வரிசையாகக் கிளம்ப வேண்டும். ஒரே விமானம் அன்று முழுக்க ஊர் மாறி ஊர் மாறிப் பறக்கும். இறங்கி, பயணிகளை இறக்கி, அடுத்தவர்களை ஏற்றி, அரை மணி நேரத்தில் மறுபடி கிளம்ப வேண்டும். இண்டிகோ வளர்ந்ததே இந்த வேகத்தால்தான். காலையில் ஒரு மணி நேரம் பிந்தினால், அந்தத் தாமதம் ராத்திரிவரை ஊர் ஊராகத் தொடர்ந்து வரும்.

இப்போது ஒரு கணக்கு சொல்கிறேன். நன்றாக நினைவில் வையுங்கள்.

இண்டிகோவின் ஏ320 விமானத்தில் 186 இருக்கைகள்வரை உண்டு. ஐம்பது இருக்கைக்கு ஒரு பணியாளர் இருந்தாக வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஆக, நான்கு பேர். விமானி தயார். எரிபொருள் தயார். பயணிகள் தயார். பணியாளர் மூன்று பேர்தான் என்றால்?

விமானம் கிளம்பாது.

அன்று காலை, பல ஊர்களில் அந்த நான்காவது ஆள் வரவில்லை.

உடம்பு சரியில்லை என்று விடுப்புச் சொன்னவர்கள் ஒருவர் இருவர் என்றால் சமாளித்திருக்கலாம். அதற்கென்றே ஸ்டாண்ட்பையில் ஆட்களை வைத்திருப்பார்கள். ஆனால், கொத்துக் கொத்தாக விடுப்புச் செய்தி வந்தால் எந்த ரோஸ்டர் தாங்கும்? ஒரு விமானத்துக்கு ஆளை மாற்றினால் இன்னொரு விமானத்தில் ஓட்டை விழுகிறது. ராத்திரி வேலை பார்த்தவரைத் திரும்பக் கூப்பிடலாம் என்றால் பணிநேர வரம்பு குறுக்கே நிற்கிறது.

அறிவிப்புப் பலகையில் ‘தாமதம்’ என்ற சொல் வரிசை வரிசையாக ஏறியது.

நம் ஏரியூரிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். முந்தைய நாளே வீட்டைவிட்டுக் கிளம்பி, பஸ் மாறி பஸ் மாறி, பெங்களூரோ சென்னையோ போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து மும்பை. மும்பையிலிருந்து கடல் தாண்டிப் போகும் விமானம். முதல் விமானம் பிந்தினால், மும்பையில் இன்னொரு விமானம் அவரை விட்டுவிட்டுப் பறந்துவிடும். வேலையில் சேர வேண்டிய தேதி அவருக்காகக் காத்திருக்காது. தாமதம் என்பது அவரைப் போன்றவர்களுக்குப் பிழைப்போடு சம்பந்தப்பட்ட விஷயம்.

அன்றைய கணக்கு இதுதான்: குறித்த நேரத்தில் இயங்கிய இண்டிகோ விமானங்கள் வெறும் 45.2 சதவீதம். பாதிக்கு மேல் தாமதம். நேரந்தவறாமையையே தன் பெருமையாகச் சொல்லி வளர்ந்த நிறுவனம் அது!

மழை மேல் பழி போட முடியுமா? அதே வானத்தில், அதே நாளில் ஏர் இந்தியா 77 சதவீதத்தையும், விஸ்தாரா 86 சதவீதத்தையும் சரியான நேரத்தில் இயக்கிவிட்டன.

அப்படியென்றால் அந்த நான்காவது ஆள் எங்கே போனார்?

மறுநாள் செய்தி வெடித்தது. ஏர் இந்தியா புதிதாகப் பணியாளர்களை எடுக்கிறது, விடுப்பு எடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த நேர்காணலுக்குத்தான் போயிருந்தார்கள் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னார்கள். டாடா குழுமம் ஏர் இந்தியாவை வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆகாசா என்ற புதுக் கம்பெனி அடுத்த மாதமே பறக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த வேலைவாய்ப்புக் கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தன.

கோபம் அந்த ஒரு நாளில் பிறந்ததில்லை.

ஊரடங்குக்குச் சில நாள் முன்பு தத்தா ஊழியர்களுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? முதல் வெட்டைத் தனக்கே போட்டுக்கொண்டார். அவருடைய சம்பளத்தில் 25 சதவீதம் போனது. விமானிகளுக்கு 15. விமானப் பணியாளர்களுக்கு 10. பிறகு சம்பளமில்லா விடுப்பு வந்தது. அதற்கும் பிறகு, பத்தில் ஒருவருக்கு வேலையே போனது. விமானிகளின் சம்பள வெட்டு 30 சதவீதம்வரை வளர்ந்தது.

தத்தாவைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிடாதீர்கள். அவர் எங்கிருந்து வந்தவர் என்று பாருங்கள்.

2001 செப்டம்பர் 11. அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் இரண்டு யுனைடெட் ஏர்லைன்ஸுடையவை. அப்போது யுனைடெட்டின் பிரசிடெண்ட் யார் தெரியுமா? இதே ரோனோ தத்தா. அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்த மாபெரும் நிறுவனம் திவால் மனு போட்டது. பயணிகள் இல்லாத வானம் ஒரு கம்பெனியை எவ்வளவு சீக்கிரம் விழுங்கும் என்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்த மனிதர் அவர். கொரோனா வந்ததும் கையிருப்புப் பணத்தை இறுகப் பிடித்துக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

அந்தப் பிடிதான் இண்டிகோவை உயிரோடு வைத்தது. இரண்டு நிதியாண்டுகளில் ஏறக்குறைய 12,000 கோடி ரூபாய் நஷ்டம். வேறு கம்பெனியாக இருந்தால் கடையைச் சாத்தியிருக்கும்.

ஆனால், காப்பாற்றிய அதே வெட்டு, கூட்டம் திரும்பி வந்ததும் எதிர்வினை காட்டியது. மேட்டூர் அணை நீர் நாகமரைவரை ஏறிவிட்டது, பரிசலும் கரையில் இருக்கிறது, துடுப்புப் போடுகிறவரை மட்டும் பட்டினி போட்டுவிட்டோம் என்றால் அக்கரை பண்ணவாடிக்கு எப்படிப் போவது? இண்டிகோவின் நிலை அதுதான்.

விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விளக்கம் கேட்டது. அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்த அடி விழுந்தது. ஒரே வாரத்தில் பராமரிப்புத் தொழில்நுட்பர்களும் விடுப்பில் போனார்கள். சம்பளம் போதவில்லை என்பதுதான் அவர்களின் குறை.

தத்தா ஊழியர்களுக்கு மின்னஞ்சல் எழுதினார். சம்பளம் என்பது முள் நிறைந்த விஷயம் என்று ஒப்புக்கொண்டார். லாபத்தையும் போட்டியையும் பார்த்துத் தொடர்ந்து திருத்துவோம் என்றார். வெட்டிய சம்பளம் படிப்படியாகத் திரும்பத் தொடங்கியது.

லாபத்தைப் பார்த்து? அங்கேதான் சிக்கல்!

அந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இண்டிகோவின் வருமானம் 12,855 கோடி ரூபாய். அதன் சரித்திரத்திலேயே அதுவரை காணாத தொகை. ஆனால் முடிவில் கிடைத்தது என்ன? 1,064 கோடி நஷ்டம்! விமான எரிபொருள் டெல்லியில் கிலோலிட்டருக்கு 1.41 லட்சம் ரூபாயைத் தொட்டிருந்தது. ரூபாயின் மதிப்பு சரிய, டாலரில் கட்டும் விமான வாடகை ஏறியது. விமானம் நிறைய ஆள், கல்லாவில் ஓட்டை.

மூன்று மாதத்தில் விடைபெறப் போகிறவருக்கு இப்படி ஒரு கடைசிக் கோடைக்காலம்.

இந்தக் கணக்கில் நம் பக்கத்துக்கும் ஒரு வரி உண்டு. ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில் இருக்கிறதே, சேலம் விமான நிலையம். 2018-இல், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் நிறுவனம் அங்கே வந்து இறங்கியபோது என்ன சந்தோஷம்! கொரோனாவில் அந்தச் சேவை நின்றது. பிறகு அந்தக் கம்பெனியே பறப்பதை நிறுத்திவிட்டது. தத்தா விடைபெறத் தயாரான அந்த நாட்களில் காமலாபுரத்தின் ஓடுதளத்தில் பயணிகள் விமானச் சேவை எதுவும் இல்லை.

அந்த ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர். நிறையப் பயணிகளோடு ஏர்பஸ் வந்து போக அது போதாது. சின்ன ஏடிஆர்தான் வேண்டும். 78 இருக்கை, இரண்டே பணியாளர். இண்டிகோவிடம் அந்த ஏடிஆர்களும் இருந்தன. ஆக, அடுத்து வருபவர் முன்னால் இரண்டு பாதைகள். கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் பறப்பதா? சேலம் மாதிரி ஊர்களை இணைப்பதா? எந்தப் பாதையில் போனாலும் அந்த நான்காவது ஆளை, இரண்டாவது ஆளை மனம் நோகாமல் வைத்துக்கொள்ளாமல் முடியாது. ஜூலை 2 சொல்லிக்கொடுத்த பாடம் அது. விமானத்தைக் கடனுக்கு வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வேலைக்கு வருகிறவரின் நம்பிக்கையை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.

செப்டம்பர் 6. கேஎல்எம் நிறுவனத்தில் முப்பது வருடம் ஊறிய பீட்டர் எல்பர்ஸ் இண்டிகோவின் பொறுப்பை ஏற்றார்.

சிக்கனம் பேசுவார் என்று எதிர்பார்த்தார்கள். நஷ்டக் கணக்கு கையில் இருக்கும்போது வேறென்ன பேச முடியும்?

ஒன்பது மாதம் கழித்து, பாரிஸ் விமானக் கண்காட்சி. ஏர்பஸ் அதிகாரிகளோடு இண்டிகோ ஓர் ஒப்பந்தம் போட்டது. உலகில் அதுவரை எந்த விமான நிறுவனமும் ஒரே கையெழுத்தில் கேட்காத எண்ணிக்கை அதில் இருந்தது.

எத்தனை விமானங்கள்? அவற்றை எந்த வானத்தில் பறக்கவிட நினைத்தார்கள்? காமலாபுரத்துக்கு அந்தத் திட்டத்தில் பங்கு கிடைத்ததா?

எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு ஐந்தே வாரம். அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. இந்த முறை பணியாளர்கள் வந்திருந்தார்கள். பயணிகளும் வந்திருந்தார்கள்.

இறக்கைக்கு அடியில் மாட்டியிருந்த இன்ஜின்தான் கைவிட்டது!

(அடுத்த வாரம் தொடரும்)