பொறியானை: மறைத்தலும் காட்டலும்

தாம்பரத்திற்குத் தெற்கே, பெருஞ்சாலையை ஒட்டிய வண்டலூரில் விலங்குகளைக் காண மக்கள் கூடுவது 1985 முதல் நிகழ்கிறது. 1855இல் சென்னை நகருக்குள் தொடங்கிய விலங்குக் காட்சிச்சாலை அங்குப் பெயர்ந்த ஆண்டு அது. பத்தாண்டுகளுக்குப் பின், 1995இல், தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தா கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய நவோதயா அப்பச்சன், இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படத்தைத் தயாரித்தவர். இப்புறநகரில் உயிருள்ள விலங்கும் இயந்திரக் கேளிக்கையும் இவ்வாறு தனித்தனி வேலிகளுக்குள் அமைந்தன. இவ்விரண்டும் ஓருருவாகும் இயந்திர விலங்கு குறித்துத் தமிழ் மரபு சொல்வதை இக்கட்டுரை நோக்குகிறது.

கொங்குவேளிரின் பெருங்கதையில் வரும் உதயணன், கோடபதி யாழால் மதயானையையும் அடக்கவல்லவன். அவனைச் சிறைப்பிடிக்க விரும்பிய உஞ்சை வேந்தன் பிரச்சோதனன், உள்ளே வீரர் மறைந்திருக்கும் பொறியானை ஒன்றைச் செய்வித்துக் காட்டில் நிறுத்துகிறான். யானை வேட்கையே உதயணனை அகப்படுத்துகிறது. 1924இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த இக்காப்பியத்தின் முற்பகுதி கிடைக்கவில்லை. ஆதலால் பொறியானை நிகழ்ச்சியைப் பிற்பகுதிக் குறிப்புகளாலும் உதயணகுமார காவியத்தாலுமே அறிகிறோம். தமிழின் புகழ்பெற்ற பொறி விலங்கு தன் காட்சியையே இழந்து நிற்பது ஒரு வியப்பு.

இப்பொறியின் வெற்றி, அது பொறியென்று தெரியாமையில் அடங்கியுள்ளது. பதினோராம் நூற்றாண்டில் போசன் பெயரால் வழங்கும் சமராங்கண சூத்திரதாரம் பொறிகளுக்கென ஓர் அதிகாரம் வகுத்தும் செய்முறையை முழுமையாகக் கூறவில்லை. அறியாமையால் அன்று, மறைபொருளாகக் காக்கவே கூறாது விட்டதாக அந்நூலே உரைக்கிறது. சீவக சிந்தாமணியின் மயிற்பொறி மட்டும் சற்றே வேறுபடுகிறது. அது எவரையும் ஏமாற்றச் செய்யப்பட்டதன்று. கருவுற்ற விசயை அதை இயக்கப் பழகிக்கொண்டு, அதிலேறித் தப்புகிறாள்.

பிரான்சு நாட்டின் நாந்த் நகரில் 2007 முதல் உலாவரும் பெரும் யானை இம்மயிலுக்கே உறவு. முன்னாள் கப்பல் கட்டும் தளத்தில், பிரான்சுவா தெலாரோசியேர், பியேர் ஒரெஃபீஸ் ஆகிய இருவரின் திட்டத்தில் உருவானது அது. உயரம் 12 மீட்டர். எடை ஏறத்தாழ 48 டன். ஐம்பதுபேர் வரை ஏறிச் செல்லலாம். அந்நகரில் பிறந்த ஜூல்ஸ் வெர்ன் 1880இல் எழுதிய புதினம் ஒன்றில், நீராவியால் இயங்கும் யானை இந்தியாவில் கல்கத்தாவிலிருந்து புறப்படுகிறது. அக்கற்பனை மரமும் எஃகுமாய்த் திரும்பிச் சென்றது போலும்! நாந்தின் யானையில் இணைப்புகள், உருளைகள், இயக்குநர் அனைத்தும் கண்ணுக்குத் தெரியும். கால்கள் அசைந்தாலும் எடையைத் தாங்குபவை சக்கரங்களே. அதையும் எவரும் மறைப்பதில்லை.

நம் நாட்டில் இயந்திர யானை வேறொரு தேவையால் வந்தது. 2009 நவம்பரில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், உயிரியல் பூங்காக்களிலுள்ள யானைகளை முகாம்களுக்கு மாற்றுமாறு பணித்தது. கோவில் யானைகள் அவ்வாணைக்கு உட்படவில்லை. 2023 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோவிலுக்குப் பீட்டா இந்தியா அமைப்பு 'இராமன்' என்னும் இயந்திர யானையை அளித்தது. சுமார் பத்தரை அடி உயரமும் 800 கிலோ எடையும் கொண்ட அது, தலை, காது, கண், வால், துதிக்கை ஆகியவற்றை மின்விசையால் அசைக்கிறது. தமிழகக் கோவில்களும் இவ்வழியில் இறங்கியுள்ளன. சங்கிலியும் அங்குசமும் ஒழிவது மறுக்கவொண்ணா நன்மை. ஆயினும் இவ்வுருக்கள் இரப்பர்த் தோல் போர்த்து, உயிருள்ள யானையெனத் தோன்றவே முயல்கின்றன. அறநோக்கில் பிரச்சோதனனுக்கு நேரெதிரான இவர்கள், கலைநோக்கில் அவனுடைய தச்சரின் வழியினர்.

தாம்பரத்திலிருந்து மேற்கே சென்றால் காஞ்சிபுரம். அங்கு வரதராசப் பெருமாள் வைகாசிப் பெருவிழாவில் எழுந்தருளும் யானை வாகனத்தை உயிர்விலங்கென்று எவரும் மயங்குவதில்லை. அதன் கால்கள் அசைவதில்லை. தண்டு தாங்குவோரின் தோள்களே அதை நடத்துகின்றன, அதுவும் எல்லோர் கண்முன்னும். நாந்தின் யானைக்கு அருகில் வைத்து எண்ணத்தக்கது இவ்வாகனமே என்பது என் கருத்து. கோவிலுக்கு இயந்திர யானை செய்வோர் இரப்பர்த் தோலை விடுத்து, வாகனம் செய்யும் தச்சரிடம் முதலில் செல்லலாம்.