கிராம சபையிடம் திரும்பிய கேள்வி

சென்ற வாரம் 1882-ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டம் வரை வந்தோம். காட்டின் மீதான அதிகாரம் ஊரைவிட்டு வனத்துறைக்குப் போன கதை அது. அதற்கு முன் ஊரே நிர்வகித்த காலத்துக்கு நம் உத்திரமேரூரிலேயே சான்று உண்டு.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இருக்கின்றன. 30 குடும்புகளிலிருந்து (ஊர்ப் பிரிவுகளிலிருந்து) குடவோலை எடுத்து, ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் ஓலையில் பெயரெழுதும் தகுதியே கிடையாது. நிலமுள்ள பிராமணர்களின் சபை அது, உழுதவர்களுக்கு இடமில்லை. அதை மறைத்துவிட்டு அந்தக் கல்வெட்டைக் கொண்டாடக் கூடாது. ஆனாலும் ஏரிக்குப் பொறுப்பானவர், ஊரார் கணக்குக் கேட்கும் தூரத்தில் இருந்தார்.

இனி நீதிமன்றம். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு, ஒரு காலத்தில் தம் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த நீலகிரியின் கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதைப் பொறுக்காமல் 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். நீலகிரி வழக்கு நாட்டின் வழக்காயிற்று. 1996 டிசம்பர் 12 அன்று நீதிபதிகள் ஜே.எஸ்.வர்மா, பி.என்.கிர்பால் அமர்வு, நிலம் யாருடையதாக இருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருந்தால் அது காடுதான் என்றது. மத்திய அரசின் அனுமதியின்றி அங்கே வேறு வேலை நடக்கக் கூடாது. தேயிலைத் தோட்டங்கள் காட்டை அழித்து விரிவடையவும் தடை. வழக்கை முடிக்காமல் ஆண்டுக்கணக்கில் உத்தரவுகள் தொடர்ந்தன. அந்த உத்தரவு இல்லையென்றால் இன்னும் எவ்வளவோ காட்டை இழந்திருப்போம்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காட்டுக்குள் வாழ்பவரின் குரல் டெல்லிக்கு எட்டுவது எளிதாக இல்லை.

அந்தக் குரலுக்கு இடம் தர 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2013 ஏப்ரலில், ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தொடர்பான வழக்கில், அச்சட்டப்படி பழங்குடியினரின் உரிமைகளைக் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்றது உச்ச நீதிமன்றம். கூடிய 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன.

தமிழ்நாட்டிலோ, தன் அனுமதியின்றி வன உரிமைப் பட்டா தரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2008-இல் போட்ட உத்தரவு அப்போதும் அமலில் இருந்தது. 2016-இல்தான் உச்ச நீதிமன்றம் அதை விலக்கியது. நியம்கிரி மக்கள் தங்கள் மலையைக் காத்துக்கொண்ட பிறகும், இங்கே இருளரும் காணிக்காரரும் தங்கள் பெயருக்கு ஒரு பட்டாவுக்காகக் காத்திருந்தார்கள்.